கைவிட்ட வேல்

சூரபன்மன் மாமரமாகி நின்ற வேளையில் முருகப்பெருமான் விடுத்த வேலானது அம்மரத்தை இரு கூறாகப் பிளந்தபின் மீண்டுவந்து அவர் திருக்கரத்தை அடைந்தது எனக் கந்தபுராணங் கூறுகின்றது. கோயில் மண்டபத்திற் புராணபடனங் கேட்டும், கந்தசட்டியிற் சூரன்போர் பார்த்தும் வளர்ந்த நமக்கு, இளமையில் அவ்வேல் மரத்தைப் பிளந்ததே பெரும் வியப்பாயிருந்தது. பின்னர்க் கல்லூரி மைதானத்தில் ஈட்டியைக் கையிற் பிடித்த காலத்திலேதான், பிளந்ததிலும் பெரிய அற்புதம் அது மீண்டு வந்ததே என்பது விளங்கிற்று. மனிதன் எறிந்த வேல் மீள்வதில்லை. எறிந்தவனே நடந்து சென்று அதனை எடுத்து வரல் வேண்டும்; போர்க்களமாயின், அவனுக்கு முன் பகைவன் எடுத்துக்கொள்வான்.

விழா மலருக்கு விளையாட்டுத் துறை பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, ஈட்டி எறிதலையே பொருளாகக் கொண்டோம். ஓட்டமும் பாய்தலும் மனிதனுக்கு இயல்பாய் அமைந்தவை. ஈட்டியோ கொல்வதற்கென்று செய்யப்பட்ட கருவி. அதனை இளைஞர் கையிற் கொடுத்து விளையாடச் சொல்வது தகுமா எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவியதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப் புகின், கையை விட்டு நீங்கிய வேலை என் செய்வது என்ற பழைய வினாவிடமே வந்து சேருகின்றோம். படைத்தலைவரும் சட்ட அறிஞரும் விளையாட்டுச் சம்மேளனத்தாரும் வெவ்வேறு காலங்களில் இதே வினாவுக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டனர்.

படைக்கலங்களை ஆராய்ந்த பழைய நூலோர் அவற்றைக் கையை விட்டு நீங்குவன, நீங்காதன எனப் பாகுபடுத்தினர். வடமொழியில் இவை முக்தம், அமுக்தம் எனப்படும். அம்பு முன்னதற்கும் வாள் பின்னதற்கும் உதாரணமாகும். வேல் இரண்டிலும் அடங்கும். கையிற் பிடித்துக் குத்தவும் உதவும், தூர நின்று எறியவும் உதவும். ஆயினும் எறிந்த கணமே வீரன் வெறுங்கையனாகின்றான். திருக்குறளிற் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் இந்நிலையில் நிற்கும் வீரன் ஒருவனைக் காண்கின்றோம். தன் கைவேலை யானைமேல் எறிந்துவிட்டு அவன் வருகின்றான். எறிய வேறு வேல் இல்லை. அப்போது தன் உடம்பிலே பகைவர் வேல் ஒன்று தைத்திருப்பதைக் காண்கின்றான். அதனைப் பறித்தெடுத்து மகிழ்கின்றான். உரையாசிரியர்கள் அவன் வீரத்தை வியந்தார்கள். நாம் மற்றொன்றையுங் கவனித்தல் தகும். அவன் எறிந்த வேல் யானையோடு போயிற்று. பகைவன் எறிந்த வேலோ இவனுக்குப் படையாயிற்று. எறிபடையின் குறைபாடு முழுவதும் அவ்வொரு காட்சியில் அடங்கிவிடுகின்றது.

இப்படையின் பழைமை பெரிது. ஜேர்மனியில் ஷோனிங்கன் என்னுமிடத்திலுள்ள நிலக்கரிச் சுரங்கமொன்றில் 1990களில் மரவேல்கள் சில கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் வயதை ஆய்வாளர் இரண்டு இலட்சம் முதல் மூன்று இலட்சம் ஆண்டுகள் வரை கணித்துள்ளனர். நம்மைப் போன்ற மனிதர் ஐரோப்பாவிற் கால்வைப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே வாழ்ந்த பண்டை மனிதர் செய்தவை அவை. பெரும்பாலானவை தளிராத மெலிந்த ஊசியிலை மரங்களைத் தேர்ந்து, அடிமரத்துப் பக்கம் கூர்முனையாக வரும்படி செதுக்கப்பட்டவை. அடிமரம் வைரமும் பாரமும் உடையதாதலின் வேலின் பாரம் முன்புறத்தே அமைகின்றது. 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஈட்டி வீரர்களிடம் இவற்றின் படிகளைக் கொடுத்து எறியச் செய்தபோது 20 மீற்றர் தூரத்திலிருந்த இலக்கை அவர்களால் தாக்க முடிந்தது. பாரம் முன்னே இருத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதிக்காக வாசகர் நினைவில் வைத்திருப்பாராக.

கிரேக்கர் எறிவேலை மேலும் நுட்பமாக்கினர். தண்டின் நடுப்பகுதிக்கு அண்மையில் ஒரு தோல்வாரைச் சுற்றி, அதன் நுனியில் ஒரு கண்ணி விட்டு, அக்கண்ணியிற் சுட்டுவிரலையோ இருவிரல்களையோ மாட்டிக்கொண்டு எறிந்தனர். வேல் கையை விட்டு நீங்கும்போது வார் அவிழும். அவிழும் அச்சிறு பொழுது முழுவதும் விரல் வேலை உந்திக்கொண்டேயிருக்கும். கையின் நீளம் கூடியதற்கு ஒப்பான பயன் இதனாற் கிடைத்தது. அன்றியும் வார் அவிழ்கையில் வேல் தன் அச்சிற் சுழலத் தொடங்கும். பம்பரம் சுழலும்போது சாயாது நிற்பதுபோல், சுழலும் வேலும் திசை மாறாது செல்லும். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே திருகுவரி வெட்டுவதன் தத்துவமும் இதுவே. கிரேக்க மட்பாண்டச் சித்திரங்களில் விரலைக் கண்ணியில் மாட்டி நிற்கும் இளைஞரை இன்றுங் காணலாம்.

இவ்வாறு எறியும் இலகுபடையினரைக் கனத்த கேடயந் தாங்கிய காலாட்படையினர் நெடுங்காலம் இழிவாகவே மதித்தனர். எதிர்நின்று பொருதாமல் தூரநின்று எறிந்துவிட்டு ஓடுவது ஆண்மையன்று என்பது அவர் கருத்து. கி.மு. 390 ஆம் ஆண்டில், கொரிந்து நகருக்கு அண்மையிலுள்ள இலெக்கேயத்தில் அக்கருத்துக்கு விடை கிடைத்தது. சுமார் அறுநூறு பேரைக்கொண்ட ஸ்பார்ட்டாப் படைப்பிரிவொன்றை அதென்ஸ் நகரத்து இபிக்கிராத்தீஸ் என்னுந் தளபதியின் வேலெறிவோர் வழிமறித்தனர். ஸ்பார்ட்டர் துரத்தினால் இவர்கள் ஓடினர். திரும்பினால் மீண்டும் வந்து எறிந்தனர். கனத்த கவசத்தோடு ஓடிப்பிடிக்க ஸ்பார்ட்டரால் இயலவில்லை. அன்று அவர்களுள் ஏறத்தாழ இருநூற்றைம்பது பேர் மாண்டனர் என வரலாற்றாசிரியர் செனபன் எழுதியுள்ளார். கிரேக்க உலகமே திகைத்தது.

எறிந்த வேலைப் பகைவன் திருப்பி எறிவதைத் தடுக்கும் உபாயத்தைக் கண்டவர் றோமர். அவர்தம் எறிவேலின் முழு நீளம் சுமார் இரண்டு மீற்றர். கூருக்குப் பின்னால் மெல்லிய நீண்ட இரும்புக்காம்பு ஒன்றுண்டு. அக்காம்பு கனத்த மரத்தண்டிற் செருகப்பட்டிருக்கும். கூர் கேடயத்தைத் துளைத்ததும் மெல்லிய காம்பு தடையின்றி உட்செல்லும். பின்னர்த் தண்டின் பாரத்தாற் காம்பு வளையும். வளைந்த வேலைப் பிடுங்குதலும் அரிது, திருப்பி எறிதலும் அரிது. கி.மு. 58 இல் எல்வேத்தியர் என்னும் மக்களோடு செய்த போரைப் பற்றி யூலியஸ் சீசர் எழுதியதில் இது தெளிவாக வருகின்றது. நெருக்கமாகப் பிடித்த கேடயங்கள் பல ஒரே வேலாற் கோக்கப்பட்டன. வேலைப் பிடுங்க நெடுநேரம் கையை உதறிப் பார்த்த வீரர் ஈற்றிற் கேடயங்களையே எறிந்துவிட்டு வெறும் உடம்போடு போர் செய்தனர். அவருக்கு முன் மாரியஸ் என்னுந் தளபதி, கி.மு. 101 ஆம் ஆண்டுப் போரில், காம்பையும் தண்டையும் பிணைத்த இரண்டு இரும்பாணிகளுள் ஒன்றை நீக்கி எளிதில் ஒடியும் மர ஆணியைப் பூட்டுவித்தான் எனப் புளூட்டாக் கூறுகின்றார். தைத்தவுடன் மர ஆணி ஒடிந்து, தண்டு தொங்கி நிலத்தில் இழுபடும். எல்லா வேல்களும் வளையவேண்டும் என்றே செய்யப்பட்டனவா என்பது பற்றி இக்காலத்து அறிஞரிடையே வாதமுண்டு. ஆயினும், தம் படைக்கலம் ஒருமுறை பயன்பட்டபின் கெட்டொழிவதையே நன்மையாகக் கண்ட கம்மியரின் கூர்மதியை நாம் வியவாதிருத்தல் இயலாது. நல்ல கருவி என்பது நீடித்து உழைப்பதே என்ற எண்ணம் இங்கே தலைகீழாகின்றது.

வில்லும் பின்னர் வெடிமருந்தும் வந்த பின் எறிவேல் போர்க்களத்தைவிட்டு மெல்ல மறைந்தது. அது உயிர்பிழைத்தது விளையாட்டில்.

பண்டைய ஒலிம்பிக் விழாவில் ஓட்டம், நீளம் பாய்தல், தட்டெறிதல், ஈட்டி எறிதல், மல்யுத்தம் என்னும் ஐந்தையும் ஒருவனே செய்யும் ஐம்போட்டி இருந்தது. கி.மு. 708 இல் அது சேர்க்கப்பட்டது என்பது மரபு. போர்வேலினும் இலேசான வேலே அங்கு எறியப்பட்டது. ஆயினும் இலேசான வேலும் கொல்லும். பெரிக்கிளிஸ் என்னும் அதென்ஸ் நகரத் தலைவனைப் பற்றி எழுதும் புளூட்டாக் ஒரு செய்தி தருகின்றார். ஐம்போட்டி வீரன் ஒருவன் எறிந்த ஈட்டி தவறுதலாக எப்பித்தீமஸ் என்பவன்மேற் பட்டு அவன் இறந்தான். குற்றம் ஈட்டியினதா, எறிந்தவனதா, போட்டியை நடத்திய நடுவரதா என்று பெரிக்கிளிஸும் புரொத்தகோரஸ் என்னும் தத்துவ அறிஞரும் ஒரு பகல் முழுதும் வாதித்தனராம். பெரிக்கிளிஸின் மகன் தந்தையைப் பரிகசிப்பதற்காகவே இதனை ஊரிற் பரப்பினான். வேலையற்றோர் வீண்பேச்சு என்று அம்மகன் எண்ணினான் போலும். நமக்கு அது வீண்பேச்சாகத் தோன்றவில்லை.

இதனையொத்த வழக்கொன்று அந்திபொன் என்னும் வாதவல்லோர் பெயரால் வழங்கும் பயிற்சி உரைகளிலும் உண்டு. உடற்பயிற்சிக்கூடத்தில் இளைஞன் ஒருவன் ஈட்டி எறிகின்றான். அதே நேரத்தில் ஒரு சிறுவன் ஈட்டி செல்லும் வழியிற் குறுக்கே ஓடி, அது தைத்து மாள்கின்றான். எறிந்தவன் தரப்பினர், மைதானத்தில் நின்ற மற்றைய சிறுவர் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை, குறுக்கே ஓடியவனே தன் சாவுக்குக் காரணம் என்கின்றனர். மகனை இழந்த தந்தையோ, எறியப்பட்ட ஈட்டிகளைப் பொறுக்கி எடுக்கும்படி பயிற்சியாசிரியர் அழைத்தமையாலன்றோ என் மகன் அங்கே சென்றான், பணிந்து நடந்தது குற்றமா எனக் கேட்கின்றார். இருபக்க வாதமும் அங்கே உண்டு. தீர்ப்பு மட்டும் எழுதப்படவில்லை.

இவ்வுரைகளை நாம் முதன்முதலிற் படித்தபோது மெய்ந்நடுங்கிற்று. காரணம், அச்சிறுவனுடைய இடத்தில் நாமே ஒருமுறை நின்றிருக்கின்றோம். மாணவப் பருவத்தில் ஒரு மாலைப் பயிற்சி. இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்களே இருந்தன. இருள் கவியத் தொடங்கிவிட்டது. எறிந்த ஈட்டிகளை எடுத்துவா என்ற குரல் கேட்டு ஓடினோம். எறிகோட்டில் நின்ற நண்பனுக்கு அக்குரல் கேட்கவில்லை. அவன் ஏற்கனவே ஓடத் தொடங்கியிருந்தான். நாம் குனிந்து ஓர் ஈட்டியைப் பிடுங்கும்போது நம் இடப்பக்கத்தில், இரண்டடி தூரத்தில், மண்ணில் ஏதோ குத்தென்று இறங்கிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அதன் வால் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆதலால் யாரும் யாரையும் குற்றங் கூறவுமில்லை. அன்றிரவு நண்பன் உணவு கொள்ளவில்லை என்பதை அவன் தாயார் பல ஆண்டுகளின் பின் நம்மிடஞ் சொன்னார். எறிந்தவனுக்கும் உண்டு ஒரு காயம்.

இனி, இக்காலத்து விளையாட்டுக்கு வருவோம். புதிய ஈட்டி எறிதலின் பிறப்பிடம் வட ஐரோப்பா. சிறப்பாகச் சுவீடனும் பின்லாந்தும். 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஆடவர் போட்டியாக இது சேர்க்கப்பட்டபோது சுவீடனைச் சேர்ந்த எரிக் லெமிங் வெற்றி பெற்றார், தூரம் 54.82 மீற்றர். 1912 இல் வலக்கையால் எறிந்த தூரத்தையும் இடக்கையால் எறிந்த தூரத்தையும் கூட்டிப் பரிசளிக்கும் விநோதமான போட்டியொன்றும் நடைபெற்றது. மூன்று பதக்கங்களையும் பின்லாந்தினரே பெற்றனர். அந்நாட்டில் ஈட்டி எறிதல் தேசிய விளையாட்டுப் போலவே போற்றப்படுகின்றது. 1948 இல் ஒலிம்பிக் வெற்றி பெற்ற தப்பியோ றௌத்தவாரா பின்னர் அந்நாட்டின் புகழ்பெற்ற பாடகராகவும் திரைப்பட நடிகராகவும் விளங்கினார். பெண்களுக்கான போட்டி 1932 இல் லொஸ் ஏஞ்சலிசில் தொடங்கிற்று.

ஆடவர் ஈட்டி 800 கிராம் நிறையும் 2.6 முதல் 2.7 மீற்றர் வரை நீளமும் உடையது. பெண்களுடையது 600 கிராம், நீளம் 2.2 முதல் 2.3 மீற்றர். பிடியிற் கயிறு சுற்றப்பட்டிருக்கும். கிரேக்கரின் வாரோ கண்ணியோ கூடாது. தோளுக்கு மேலாகவே எறிதல் வேண்டும். உலோகத் தலையே முதலில் நிலத்தைத் தொடவேண்டும். குத்தி நிற்கவேண்டும் என்பது விதியன்று. இவ்விதிகளுள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கதை உண்டு. சுழன்று எறிதலைத் தடுத்த விதியின் கதை சுவையானது. 1956 ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் தேசத்தில், பாஸ்க் மக்களின் இரும்புக்கோல் எறியும் நாட்டு விளையாட்டைப் பின்பற்றி, தட்டெறிபவர்போலச் சுழன்று ஈட்டியை விடும் முறையொன்று தோன்றிற்று. கையில் வழுக்குவதற்காகச் சவர்க்காரம் பூசினர். தூரம் வியத்தகு முறையிற் கூடியது. ஆனால் சுழலும் மனிதன் ஈட்டியை எத்திசையில் விடுவான் என்பதை யாரறிவார்? பார்வையாளர் நாற்புறமும் இருக்கின்றனர். எறிபவன் தன் முதுகை எறியுந் திசைக்கு முற்றாகத் திருப்பலாகாது என்று சர்வதேச சம்மேளனம் அவ்வாண்டிலேயே விதித்து அம்முறையை நிறுத்திவிட்டது.

அதன்பின் திறமை ஈட்டியைச் செய்வோரிடஞ் சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஹெல்ட் சகோதரர் இருவர். ஒருவர் ஈட்டியை அமைத்தார், மற்றவர் எறிந்தார். தண்டின் பருமனைக் கூட்டி மேற்பரப்பைப் பெருக்கியதனால் ஈட்டி காற்றில் மிதக்கும் இயல்பு பெற்றது. 1953 இல் அவர்களுள் எறிவோராகிய பட் ஹெல்ட் 80.41 மீற்றர் எறிந்து எண்பதைக் கடந்த முதல்வரானார். 1964 இல் நோர்வே நாட்டுத் தெரியே பெதர்சன் 91.72 மீற்றர் எறிந்தார். 1984 ஆம் ஆண்டு யூலை 20 ஆந் திகதி, கிழக்கு பேர்லினில், ஊவே ஹோன் என்பவர் எறிந்த ஈட்டி 104.80 மீற்றர் சென்று விழுந்தது. வழமையான விளையாட்டரங்கொன்றின் நடுப் புற்றரையின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்கப்பால் ஓட்டப்பாதையும், அதிலே ஓடுவோரும், அதனையடுத்துப் பார்வையாளரும் இருப்பர். ஹோனின் நாடு அவ்வாண்டு ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தமையால் அவர் அதிற் பங்குபற்றவில்லை என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

சம்மேளனத்தார் மைதானத்தை நீட்டவில்லை, ஈட்டியைத் திருத்தினர். 1986 முதல் ஆடவர் ஈட்டியின் புவியீர்ப்பு மையம் 4 சென்ரிமீற்றர் முன்னே தள்ளப்பட்டது. இம்மாற்றம் என் செய்தது என்பதை மாணவர் பொருட்டுச் சற்று விரிவாகக் கூறுவோம். பறக்கும் ஈட்டியின்மேற் புவியீர்ப்பு விசை தாக்கும் இடம் புவியீர்ப்பு மையம். காற்று தாக்கும் விசைகளை எல்லாம் ஒன்றுசேர்த்தால் அவை தாக்குவதாகக் கொள்ளத்தக்க புள்ளி ஒன்றுண்டு. அது அமுக்க மையம். இவ்விரண்டும் அருகருகே அமைந்தால் ஈட்டியைத் திருப்பும் விசை சிறிதாகும். அது நிமிர்ந்த முனையோடு பருந்துபோல மிதந்து செல்லும். பழைய ஈட்டியின் நிலை அது. மிதந்து வந்த ஈட்டி பலமுறை தட்டையாகவே நிலத்தைத் தொட்டது. தலை முதலிற் பட்டதா, வால் முதலிற் பட்டதா என்று நடுவர் திணறினர். புவியீர்ப்பு மையத்தை முன்னே தள்ளினாற் காற்று அதன் பின்புறத்தைத் தூக்கும், தலை கவிழும். கவிழ்ந்த ஈட்டி விரைவில் இறங்கி, கூர் முன்னாக நிலத்திற் குத்தும். தூரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. புதிய ஈட்டிக்கு 1986 இற் பதிவான முதற் சாதனை 85.74 மீற்றர். பெண்கள் ஈட்டி 1999 இல் அவ்வாறே மாற்றப்பட்டது.

பாரம் முன்னே இருத்தல் வேண்டும் என்று ஷோனிங்கனிற் செதுக்கிய பண்டை மனிதன் அறிந்திருந்ததைச் சம்மேளனத்தார் வேறொரு நோக்கத்துக்காக மீண்டுங் கைக்கொண்டனர். அவன் இலக்கிற் குத்துவதற்காகச் செய்தான். இவர்கள் வேண்டாதவர்மேற் குத்தாதிருப்பதற்காகச் செய்தார்கள். றோமர்போலவே இவர்களும் கருவியின் ஆற்றலை வேண்டுமென்றே குறைத்தவர்கள். எழுபது ஆண்டுகளாகத் தூரத்தைக் கூட்டுவதற்கே உழைத்த ஒரு விளையாட்டில், தூரத்தைக் குறைக்கத் துணிந்தது சிறிய காரியமன்று. பழைய வீரர் சிலர் மனம் நொந்திருப்பர். நாம் அத்துணிவைப் பாராட்டுகின்றோம்.

செய்வோர் சும்மா இருக்கவில்லை. வாற்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி அமுக்க மையத்தை மறுபடியும் முன்னே கொணர்ந்தனர். அத்தகைய ஈட்டியால் 1991 இற் பின்லாந்தின் செப்போ றேட்டி 96.96 மீற்றர் எறிந்தார். அதே ஆண்டில் அவ்வமைப்புத் தடைசெய்யப்பட்டு, அவ்வீட்டிகளால் நிகழ்ந்த சாதனைகளும் நீக்கப்பட்டன. அதன் பின்னர், விதிக்கு அமைந்த ஈட்டியோடு, செக் நாட்டைச் சேர்ந்த யான் ஜெலெஸ்னி 1996 ஆம் ஆண்டு மே 25 ஆந் திகதி 98.48 மீற்றர் எறிந்தார். கால் நூற்றாண்டு கடந்தும் எவரும் அதனை மிஞ்சவில்லை. 1992, 1996, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் வென்றவர் அவர்.

தூரத்தை ஆக்குவது கையன்று என்பதை இளைஞர் பலர் நெடுநாள் உணர்வதில்லை. தோள்வலிமையால் மட்டும் எறிபவன் விரைவில் முழங்கையைக் கெடுத்துக்கொள்வான். ஓடிவரும் வேகம், இறுதியிற் பக்கவாட்டாகக் கால்களைக் குறுக்கே வைத்து வரும் அடிகளிற் காக்கப்பட்டு, முன்கால் உறுதியாக ஊன்றியதும் திடீரென நிற்கின்றது. கால் நின்றவுடன் இடுப்பு முந்துகின்றது. அதன்பின் நெஞ்சு, தோள், முழங்கை, மணிக்கட்டு என ஒவ்வொன்றாகச் சாட்டையின் நுனிபோல் வேகங் கூடுகின்றது. இவை முழுவதும் ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். உலகின் முதல்தர வீரர் கையை விட்டு ஈட்டி நீங்கும் வேகம் செக்கனுக்கு 28 முதல் 30 மீற்றர். அதாவது மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வேகத்தில் ஏற்படும் சிறு கூடுதலும் தூரத்தை இருமடங்கு விகிதத்திற் கூட்டும். பத்துக்கு ஒன்று வேகங் கூடினால் ஐந்துக்கு ஒன்று தூரங் கூடும் எனப் பொதுவாகக் கொள்ளலாம். ஆதலாற் பயிற்சியின் பெரும்பகுதி ஈட்டியைத் தொடாமலே, காலுக்கும் முதுகுக்கும் செய்யப்படல் வேண்டும்.

நெடுங்காலம் ஐரோப்பியருடையதாயிருந்த இப்போட்டி இப்போது மற்றைய நாடுகளுக்கும் உரியதாகிவிட்டது. 2012 இல் திரினிடாட்டின் இளைஞர் கெஷோன் வோல்கொற் ஒலிம்பிக் வெற்றி பெற்றார். 2015 இல் உலக வெற்றியாளரான கெனியாவின் யூலியஸ் யேகோ, பயிற்றுநர் இன்மையால் இணையத்திற் படக்காட்சிகளைப் பார்த்தே பழகியவர். இந்தியாவின் நீரஜ் சோப்ரா 2021 ஓகஸ்ட் 7 ஆந் திகதி தோக்கியோவில் 87.58 மீற்றர் எறிந்து பொன் பெற்றார். 2024 இற் பாரிசிற் பாகிஸ்தானின் அர்ஷாத் நதீம் 92.97 மீற்றர் எறிந்து ஒலிம்பிக் சாதனையை நிலைநாட்ட, நீரஜ் இரண்டாமிடம் பெற்றார். நம் நாட்டைப் பொறுத்தவரை, 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் நதீஷா தில்ஹானி லேகம்கே 61.57 மீற்றர் எறிந்து வெள்ளிப்பதக்கம் பெற்றார். அதற்கு முன், 2021 ஓகஸ்டில், தோக்கியோ பராலிம்பிக் விழாவில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் இலங்கைக்கு முதற் பராலிம்பிக் பொன்னைப் பெற்றுத் தந்தார். அவர் போரிற் கையிற் காயமுற்ற படைவீரர். மற்றக் கையால் எறிந்தார்.

பெற்றோரின் கேள்விக்கு நம் விடை, ஈட்டியை நீக்கவேண்டாம் என்பதே. ஆனால் அது கையை விட்டபின் செல்லும் நிலத்தை யார் காக்கின்றனர் என்பதைப் பெரிக்கிளிஸ்போல ஒவ்வொரு மாலையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். எறிபரப்பின் இரு கோடுகளையும் அளந்து கீறுதல் கடினமன்று. எறிகோடு எட்டு மீற்றர் ஆரையுள்ள ஒரு வில். அவ்வில்லின் மையத்திலிருந்து 40 மீற்றர் தூரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே 20 மீற்றர் இருத்தல் வேண்டும். எத்தூரத்திலும் அகலம் தூரத்திற் பாதி என்று நினைவிற் கொண்டால் நாடாவும் கயிறும் போதும். கோட்டுக்கு வெளியேயும் பல மீற்றர் வெற்றிடம் வேண்டும். எறியப் பழகுபவனின் ஈட்டி கோட்டை மதிப்பதில்லை. புல் நனைந்திருந்தாலும் இருள் கவிந்தாலும் பயிற்சி நிற்கவேண்டும். ஒருவர் எறிய மற்றவர் எடுத்துவருதல் என்ற வழக்கம் அறவே கூடாது. எல்லோரும் எறிந்து முடித்தபின், ஒருவர் சொல்ல, எல்லோரும் ஒன்றாகச் செல்லல் வேண்டும். ஓடாது நடந்தே செல்லல் வேண்டும். நிலத்திற் குத்தி நிற்கும் ஈட்டியின் வால் எறிந்தவன் வரும் திசையையே நோக்கிச் சாய்ந்திருக்கும். ஓடிவருபவனின் கண்ணுக்கு அது நேரே இருக்கும். அருகே சென்றதும் ஒரு கையால் வாலை மூடிப் பிடித்து, முதலில் ஈட்டியை நிமிர்த்தி, பின்னரே மேலே இழுத்தெடுக்கவேண்டும். எடுத்ததைக் கூர் நிலம் நோக்க நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோரும் திரும்பி வருவர். அவ்வரிசையில் வரும் கடைசிச் சிறுவனும் எறிகோட்டுக்குப் பின்னால் வந்து சேரும்வரை எவனும் ஈட்டியைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது.